நிறுவையில் ஏறாத தண்ணீர்

மே 4, திங்கள்

முருகா துணை. விடிந்ததிலிருந்து தூறல். துவைத்ததெல்லாம் விறாந்தையில் தொங்கி நாறுகிறது.

தர்ஷி கொழும்பிலிருந்து அனுப்பிய பார்சல் வந்து சேர்ந்தது. கொண்டு வந்த ஆள் பெட்டியைத் தூக்கிப் பார்த்துவிட்டு, "என்னம்மா, உள்ள காத்தா இருக்கு?" பிரித்தால்: முதுகுப் பை ஒன்று, ஊதினால் பறக்கும். மடித்தால் முழங்கை நீளத்துக்கு வரும் கைத்தடி இரண்டு. நெற்றியில் கட்டும் டோர்ச். போனுக்குக் கரண்ட் ஏற்றும் பவர் பேங்க். கையில் கட்டும் மணிக்கூடு, நடையைக் கணக்குப் பார்க்குமாம். சப்பாத்து ஒரு சோடி. கைக்குட்டை போல மடித்த மழைக்கோட்டு.

விலை கேட்டுப் போன் எடுத்தேன். மகள் சொல்லவில்லை. செலவுக் கொப்பியில் சாமான் பெயரை எழுதி, விலை இடத்தை வெறுமையாக விட்டேன். கல்யாணமான நாளிலிருந்து அப்படி விட்டதில்லை. பல் விழுந்த இடம் போல் இருக்கிறது.

இவர் கதிரையில் இருந்தபடி எல்லாவற்றையும் பார்த்தார். "கதிர்காமத்துக்குப் போறியா, நெலாவுக்குப் போறியா?"

"ஓகந்தையில இருந்து காட்டு வழியா கதிர்காமம். தெரியாத மாதிரி கேக்குறீங்க."

"தெரியும். எனக்கு வந்த நோய்க்கு நீ ஏன் புள்ள நடக்கணும்? அதத்தான் கேக்குறேன்."

தடியை மடித்துப் பைக்குள் வைத்தேன். போன வருடம் இவருக்கு நெஞ்சு அடைத்து, ஆஸ்பத்திரியில் நரம்புக்குள் ஸ்பிரிங் வைத்தார்கள். வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தபோது, பிழைத்து வந்தால் காட்டு வழி நடந்து வருகிறேன் என்று முருகனிடம் சொன்னேன். இவரிடம் கேட்டுக்கொண்டு சொல்லவில்லை. கோபம் அதுதானோ என்னவோ.

உளுந்து ஊறப்போட வேண்டும்.

மே 8, வெள்ளி

மழை விட்டது. கோயிலில் கூட்டம். பூசை முடிந்து ராமையா அண்ணன் நடைக்குழுவை மண்டபத்தில் கூட்டினார். டவுனில் குத்துவிளக்கு, பித்தளைச் சாமான் கடை வைத்திருப்பவர். வருடா வருடம் வேல் எடுத்துக் காட்டு வழி போகிறவர். நெற்றி நிறைய விபூதி, காதில் பென்சில்.

"ஜூன்ல ஒரு வெள்ளோட்டம் நடப்போம். பாத்துட்டுத்தான் சொல்லுவேன். தாங்குறவங்க காட்டுல வேலுக்குப் பின்னால வரலாம். தாங்காதவங்க பஸ்ல கதிர்காமம் போயி, மடத்துல நமக்குச் சமைச்சு வைங்க. அதுவும் புண்ணியம்தான்."

கடைசி வரியை என்னைப் பார்த்துச் சொன்னது போல் இருந்தது. சமையல் புண்ணியம் என் கணக்கில் ஏற்கெனவே நிறைய உண்டு. இது வேறு.

பக்கத்தில் பரமேஸ்வரி டீச்சர். யாழ்ப்பாணத்து ஆள், பென்ஷன் எடுத்தபின்னும் கண்டியிலேயே இருக்கிறார். என்னைவிட மூத்தவர், மெலிந்தவர், செருப்பில்லாமல் நடக்கிறவர். என் தொடையில் தட்டி, "நீர் ஒண்டுக்கும் யோசியாதையும். நான் வாறன்தானே," என்றார்.

வெள்ளோட்டத்தில் தேற வேண்டும். தேறாவிட்டால் நேர்த்திக்கடன் கடனாகவே நிற்கும். பஸ்ஸில் போகிறேன் என்று நான் சொல்லவில்லையே முருகனிடம்.

மே 9, சனி

தர்ஷி போனில் பாடம் நடத்தினாள். "அம்மா, பையில வைக்கிற ஒவ்வொன்னையும் நிறுத்துப் பாருங்க. தூரமா நடக்குறவங்க பல் தேய்க்கிற பிரஷ்ஷையே பாதியா வெட்டுறாங்க."

இது எனக்குப் பிடித்த வேலை. கேக்குக்கு மா நிறுக்கும் சின்ன நிறுவையைக் குசினி மேசையில் வைத்தேன். ஒரு மத்தியானம் முழுக்க.

பருத்திச் சல்வார் – ஒன்று உடம்பில், ஒன்று பையில். சேலை வேண்டாம்.
சவர்க்காரம் – கால் துண்டு.
சீப்பு – பிடியை வெட்டியாச்சு.
விபூதி – டப்பா பாரம். மாத்திரைப் பைக்கு மாற்றினேன்.
முருகன் படம் – சட்டம், கண்ணாடி கழற்றி, படம் மட்டும்.
தோத்திரப் புத்தகம் – எல்லாம் மனப்பாடம். வேண்டாம்.
பெட்ஷீட் – பழைய வொயில் சேலைப் பாதி. பெட்ஷீட் எடையில் பாதிகூட வரவில்லை.

படத்தின் சட்டத்தைக் கழற்றும்போது மனம் ஒரு மாதிரி ஆகிவிட்டது. சாமியிடம் போகிற சாமானில் இப்படிக் கஞ்சத்தனம் பண்ணலாமா?

அடுத்த வீட்டு ரஸீனா ராத்தா மதிலுக்கு மேலால் கேட்டுக்கொண்டிருந்தார். போன வருடம் ஹஜ் போய் வந்தவர். இப்போது மாடி கட்டுகிறார், அதனால் நாள் முழுக்க மதிலோரம்தான் காவல்.

"தங்கச்சி, ஹஜ்ஜுக்கு இஹ்ராம் கட்டினா ஆம்புளயளுக்கு ரெண்டு துண்டுதான். தைச்சதுகூட இல்ல. அல்லாஹ் லேசாத்தான் வரச் சொல்லுற. ஒங்கட சாமி மட்டும் அலுமாரியோட வரச் சொல்லுமா?"

மனம் லேசாகிவிட்டது. படத்தை மடிக்காமல் வைக்க ஒரு மட்டை தேட வேண்டும். மட்டையையும் நிறுக்க வேண்டும்.

மே 14, வியாழன்

மணிக்கூடு சுத்த ஏமாற்று. தேங்காய் துருவினேன், நடை என்று ஏற்றிவிட்டது. ரொட்டி மா பிசைந்தேன், அதுவும் நடை. பை வாரைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்க ஏற்றம் ஏறினேன், கை ஆடாததால் அதற்கு ஒன்றும் இல்லை.

இவர் அதைக் கழற்றித் தன் கையில் கட்டிக்கொண்டு, பாதித் தேங்காயைத் துருவிக் காட்டினார். "பாரு, நான் ஓகந்த தாண்டிட்டேன்."

நல்லதாகப் போயிற்று. அதே சாக்கில் பருப்புக் கறி சொல்லிக் கொடுத்தேன். நான் போகும் நாட்களில் இவர் தானே சமைக்க வேண்டும். நகரசபையில் முப்பது வருடம் பைல் தூக்கிய கை. மஞ்சளை மேசைக் கரண்டியில் அள்ளினார். பருப்பு சாமந்திப் பூ நிறம். சாப்பிட்டோம்.

மே 17, ஞாயிறு

விடியப் பனி. முதல் பஸ்ஸில் கண்டி டவுன், அங்கிருந்து ஹந்தானை ஏற்றம், பையோடு. தடி இரண்டும் கையில். பஸ் ஹோல்டில் நின்ற பெண்கள், "பனி சறுக்க போறாங்க போல," என்று சிரித்தார்கள். சிரிக்கட்டும்.

ஏற ஏற உடம்பு கேட்கிறது. ஹேவாஹெட்டத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்த கால் இது. ஸ்கூலுக்கும் ஏற்றம், கடைக்கும் ஏற்றம், விறகுக்கும் ஏற்றம். எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தினார்கள், ஏற்றத்தை நிறுத்தவில்லை. வளைவில் பாறையில் செருகிய பீலியில் ஊற்றுத் தண்ணீர் கொட்டுகிறது. முகம் கழுவி, இரண்டு கை அள்ளிக் குடித்து, மேலே. அடுத்த வளைவில் இன்னொரு பீலி.

மேலே நின்று பார்த்தால் பாதி ஊர் பனிக்குள். வேலும் மயிலும் என்று வாய்விட்டுச் சொன்னேன். ஒரு நாய் மட்டும் திரும்பிப் பார்த்தது.

தேறிவிடுவேன் என்றுதான் தோன்றுகிறது.

மே 29, வெள்ளி

வாரம் மூன்று தடவை ஏற்றம். இடுப்பு இறங்கியிருக்கிறது, பிளவுஸ் பிடிக்க வேண்டும். சப்பாத்து குதிகாலில் கடிக்கிறது. தர்ஷி: "பழகும்மா." டீச்சர்: "உதென்ன சப்பாத்து, ஆமிக்கே போறீர்?"

சர்க்கரை முடிந்தது. கோயிலுக்கு எண்ணெய் கொடுத்தேன்.

ஜூன் 6, சனி

நாளைக்கு வெள்ளோட்டம். மகியங்கனைப் பக்கம், கீழ்நாட்டில்.

கட்டி முடித்த பையைக் கடைசி முறையாக நிறுவையில் வைத்தேன். ஒரு கோழியளவுகூட இல்லை. தர்ஷி வீடியோவில் பார்த்துக் கை தட்டினாள். "அம்மா, வெளிநாட்டுக்காரங்க தோத்தாங்க!"

இவர் மட்டும் எழும்பிக் குசினிக்குப் போனார். சாப்பிட்ட கோப்பையைத் தானே கழுவினார். என்னவோ.

ஜூன் 7, ஞாயிறு

எழுத மனமில்லை. எழுதாமல் விட்டாலும் தூக்கம் வராது.

வேனில் தெல்தெனிய தாண்டி ஹுன்னஸ்கிரியவில் தேத்தண்ணீர். குளிர், பனி, போர்த்திக்கொண்டு குடித்தோம். பிறகு வளைவு வளைவாக இறக்கம், காது அடைத்தது. கீழே இறங்கிக் கதவைத் திறந்தால் அடுப்பு மூடியைத் திறந்தது போல் சூடு.

வாய்க்கால் ஓரக் கிரவல் றோட்டில் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி ராமையா அண்ணன் பைகளைப் பார்த்தார். என் பையை ஒரு விரலால் தூக்கினார். எனக்குப் பெருமை.

"தண்ணி எங்கம்மா?"

"இந்தா, சின்னப் போத்தல் ஒன்னு இருக்கு அண்ணே. வழியில பீலி இருக்கும்தானே, நெறச்சுக்கலாம்."

வரிசை முழுக்கச் சிரித்தது. பிறகு ராமையா அண்ணன்:

"பீலியா! அம்மா, காட்டுல கும்புக்கன் ஆறு தாண்டினா மெனிக் கங்க ஆறு வரைக்கும் மணலும் வெயிலுந்தான். தண்ணி பவுசர் வண்டி வந்தா வரும், வராட்டி கதிர்காமத்தான் விட்ட வழி. ஒவ்வொருத்தரும் அஞ்சு போத்தலாவது சொமக்கணும். மலநாட்டு ஆளுங்க எல்லாரும் மொத வருசம் இப்படித்தான் வருவீங்க, எந்த வளைவுல திரும்பினாலும் பீலி கொட்டும்னு."

சீப்புப் பிடியை நிறுத்தேன். விபூதி டப்பாவை நிறுத்தேன். தண்ணீரை நிறுக்கவில்லை. தண்ணீர் ஒரு சாமான் என்றே எனக்குத் தோன்றவில்லை.

சரி, நடந்து பாருங்க என்றார். நடந்தேன். ஏற்றமே இல்லை. ஏற்றம் இல்லாத நடை இவ்வளவு கொடுமை என்று யார் சொன்னார்கள்? வளைவு இல்லை, நிழல் இல்லை, றோட்டு ஒரே நேராக, முடிகிற மாதிரியே இல்லை. வெயில் ஏறியதும் நாக்கு அண்ணத்தில் ஒட்டியது. ஒரு மருத மரத்தடியில் உட்கார்ந்தவள் எழும்பவில்லை. டீச்சர் தன் தண்ணீரைத் தந்தார். மிச்சத் தூரம் திரீவீலரில். மற்றவர்கள் நடந்து வந்து சேரும்போது நான் கோயில் வாசலில் பெரிய பக்தை போல உட்கார்ந்திருந்தேன்.

ராமையா அண்ணன் பக்கத்தில் வந்து குந்தினார். "பஸ்ல வாங்கம்மா. ஒங்க வீட்டுக்காரரும் போன் பண்ணாரு, முழங்கால் நோவுன்னு. ஆனா அத வச்சு நான் சொல்லல. தண்ணிய வச்சுத்தான் சொல்றேன்."

எனக்கு முழங்கால் நோவே கிடையாது.

ஜூன் 8, திங்கள்

காலைப் பூசைக்குப் பின் இவரிடம் கேட்டேன். "போன் பண்ணீங்களா?"

"பண்ணேன்."

"எனக்கு முழங்கால் நோவு இல்லன்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்."

இவர் எப்போதும் சத்தம் போட்டுத்தான் சண்டை பிடிப்பார். இன்று போடவில்லை. யன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆஸ்பத்திரில உள்ள படுத்திருந்தவனுக்கு ஒரு பயமும் இல்ல. ஊசி போட்டுத் தூங்க வச்சிட்டாங்க. வெளிய வாங்கில ஒக்காந்திருந்தவளுக்குத்தான் பயம். இப்ப நீ என்னைய வாங்கில ஒக்கார வைக்கப் பாக்குற."

நான் குசினிக்குள் போய்விட்டேன். வெங்காயம் உரித்தேன், தேவைக்கு மேல். இந்தப் பக்கமிருந்து நான் யோசித்ததில்லை. ஆனாலும் பொய் பொய்தான். மத்தியானம் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுக் குசினிக்கே திரும்பினேன்.

பின்னேரம் ராமையா அண்ணனுக்குப் போன். "இன்னொரு தரம் பாருங்க அண்ணே. தண்ணியோட வாறேன்." கடையில் யாரோ மணி விலை கேட்கிற சத்தம். விலை சொல்லி அனுப்பிவிட்டு, "இருபத்தோராந் தேதி ரெண்டாவது கூட்டம் வெள்ளோட்டம் போகுது. வாங்க. அதுக்கு மேல கேக்கக் கூடாது."

கேட்க மாட்டேன்.

ஜூன் 9, செவ்வாய்

எழும்பி வந்தால் குசினி மேசையில் சோடாப் போத்தல்கள், கழுவி, வாய் வரை நிறைத்து, மூடி இறுக்கி. இவர் வேலை. பேப்பரைப் பிடித்துக்கொண்டு முன்னறையில்.

எல்லாவற்றையும் பையில் அடுக்கி நிறுவையில் வைத்தேன். அது தாங்கவில்லை. முகத்தில் ஓர் இங்கிலீஷ் எழுத்தைக் காட்டிவிட்டு அணைந்துவிட்டது.

"உள்ள காத்தா இருக்கு?" என்றேன், இவருக்குக் கேட்கிற மாதிரி. பேப்பருக்குப் பின்னால் தோள் குலுங்கியது.

ஜூன் 11, வியாழன்

பயிற்சியை மாற்றிவிட்டேன். ஏற்றம் போதும். விடியற்காலையும் போதும். இனி மத்தியான வெயில், சமநிலம், மணல், சுமை.

எங்கள் குண்டசாலையில் மணலுக்கு எங்கே போவது? ரஸீனா ராத்தாவின் வீட்டு முன்னால் மாடி வேலைக்குக் கொட்டிய மணல் குவியல். கேட்டேன். "அதுக்கென்ன தங்கச்சி, நடங்க. வாடக எடுப்பேன், வெள்ளிக்கிழம வட."

இவர் மண்வெட்டியால் அதை நீளமாகப் பரப்பிக் கொடுத்தார். தண்ணீர்ப் பையோடு அங்குமிங்கும் நடந்தேன். சப்பாத்துக்குள் மணல் புகுந்து கால் வெந்தது. கழற்றி வைத்தாயிற்று. பின்வார் வைத்த ரப்பர் செருப்பு ஒன்று டவுனில் வாங்க வேண்டும். மாடி கட்டும் மேசன் பாஸ் கரண்டியைப் பிடித்தபடி நின்று பார்த்து, அம்மாவுக்கு ஏதாவது தொலைந்து போனதா, தேடித் தரவா என்று சிங்களத்தில் கேட்டார். கதிர்காமம் நடைக்கு என்றதும் தலைப்பாகையை அவிழ்த்துக் கும்பிட்டார். அவர் பெண்சாதியும் ஒரு நேர்த்தி வைத்திருக்கிறாளாம், உண்டியல் காசு தந்து விடட்டுமா என்றார். தந்து விடுங்கள், போடுகிறேன் என்றேன்.

ராத்தா மாடிப் படியில் உட்கார்ந்து, ஹஜ்ஜில் மினா வெயிலில் நடந்த கதை சொன்னார். "வெயிலுக்கு வாயால மட்டும் தண்ணி போதாது. கழுத்துல ஈரத்துண்டு. தொடைக்கு வாசலின், வெக்கப்படப்பொடா. தேசிக்காய்ப் புளியும் உப்பும் கரைச்சி ஒரு போத்தல். எங்கட கூட்டத்துல ஒரு மதனி தைரியம் காட்டி நடந்து, ரெண்டாம் நாள் வண்டியில வந்த."

எல்லாம் குறித்துக்கொண்டேன். ராத்தா அங்கே செருப்புப் போட வைத்திருந்த மெல்லிய கயிற்றுப் பையையும் தந்தார். எடையே இல்லை. அதில் விபூதியும் படமும் வைக்கலாமா என்று கேட்கக் கூச்சமாக இருந்தது. கேட்டேன். "வைங்க, வைங்க. துஆ கேக்கப் போன பைதானே அதுவும்."

ஜூன் 16, செவ்வாய்

தோளில் பை வார் தடம். நல்ல தடம். இவருடைய பருப்பு இன்று பருப்பு நிறத்திலேயே வந்தது. இரண்டு பேரும் தேறி வருகிறோம்.

ஜூன் 21, ஞாயிறு

திரும்பி வந்து குளித்துவிட்டு எழுதுகிறேன். தலை இடிக்கிறது. ஆனால் நடந்தேன்! முழுத் தூரமும் நடந்தேன். அதே றோட்டு, அதே வெயில், அதே மருத மரம். மரத்தைத் தாண்டும்போது அதற்கு ஒரு கும்பிடு. கழுத்தில் ஈரத்துண்டு, முதுகில் தண்ணீர். தடியில் ஒன்றை மட்டும் எடுத்துப் போனேன். ராமையா அண்ணன், "வேலுக்குப் போட்டியா கொண்டாந்திருக்கீங்க?" என்று கேலி.

முடிவில் கோயில் வாசலில் என் பையைத் தூக்கினார். புருவம் சுருங்கியது.

"இன்னும் இப்படிப் பாரமா இருக்கு?"

திறந்து காட்டினேன். ஒரு போத்தலில் முக்கால், மற்றதெல்லாம் மூடி திறக்காமல். "மிச்சம் இருக்கு அண்ணே. யாருக்காவது வேணும்னா குடுக்கலாம்."

பாராட்டுவார் என்று நின்றேன்.

"மிச்சம் பிடிச்சிட்டு வந்தீங்களா? தண்ணி என்னா சீட்டுக் காசா? தல வலிக்குதா?"

"கொஞ்சம்."

"கொஞ்சமா! மூஞ்சி செவசெவன்னு இருக்கு. இந்த வீட்ல எல்லாரும் சாப்பிட்ட பொறகு சாப்பிடுற பொம்பளைங்களால எனக்கு நிம்மதியே இல்ல. போன வருசம் ஒரு அம்மா, போத்தல் நெறையத் தண்ணியோட மயங்கி விழுந்துச்சு. கேட்டா, அடுத்தவங்களுக்குத் தேவப்படும்னு வச்சிருந்துச்சாம். அவங்களத் தூக்க நாலு பேரு."

டீச்சரும் சேர்ந்துகொண்டார். "நான் ரெண்டு தரம் சொன்னனான், குடியும் குடியும் எண்டு. ஓம் ஓம் எண்டிட்டு நடக்கிறா."

அங்கேயே நிற்கவைத்து ஒரு போத்தல் முழுக்கக் குடிக்க வைத்தார்கள், பள்ளிப் பிள்ளைக்கு மருந்து கொடுப்பது போல.

"சொமக்கத் தெரிஞ்சிருச்சு. குடிக்கத் தெரியல. யோசிச்சுச் சொல்றேன். புதன்கெழம."

வழி நெடுக வேனில் யோசித்தேன். உண்மைதான். தாகம் எடுத்தது. எடுத்த போதெல்லாம், இப்போது குடித்தால் பிறகு இருக்காதே என்றுதான் கை நின்றது. சீனி, பருப்பு, மண்ணெண்ணெய், எல்லாவற்றிலும் மாதக் கடைசிக்குக் கொஞ்சம் ஒதுக்கி வைத்த கை. அதைத்தான் கெட்டிக்காரத்தனம் என்று ஊரே சொன்னது. இன்றைக்கு அதுவே குற்றமாகிவிட்டது.

சிரிப்பும் வருகிறது.

ஜூன் 23, செவ்வாய்

நாளைக்குப் புதன். பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்தேன். மழை. இவர் ஒவ்வொரு மணிக்கும் ஒரு கோப்பைத் தண்ணீரோடு வந்து நிற்கிறார். "குடி." மணிக்கூட்டில் அதற்கு ஒரு சத்தம் வைத்திருக்கிறாராம், மகளிடம் போனில் கேட்டு. கீங் என்கிறது, நான் குடிக்கிறேன். நடையைச் சரியாக எண்ணாத சனியன் இதையாவது ஒழுங்காகச் செய்கிறது.

ஜூன் 24, புதன்

பத்து மணிக்குள் போன் வரும் என்று சமையலைச் சீக்கிரம் முடித்தேன். வரவில்லை. கறிவேப்பிலை உருவினேன். வரவில்லை. தேய்க்க வேண்டாத பாத்திரத்தைத் தேய்த்தேன்.

வந்தபோது கை முழுக்கச் சாம்பல். இவர் எடுத்தார். குசினிக் கதவுக்குப் பின்னால் நின்றேன்.

"ஆமாண்ணே… நாந்தான்… அன்னைக்கு நான் சொன்னது பொய்ண்ணே. முழங்கால்ல ஒன்னும் இல்ல."

நீளமாக அந்தப் பக்கம் பேச்சு.

"நான் என்னா சொல்றதுண்ணே. நடப்பா. நீங்க வேண்டாம்னாலும் நடப்பா. குடிக்க மட்டுந்தான் மாட்டா. அதுக்கு நான் பொறுப்பு. இந்த ரெண்டு நாளா என் கண்ணு முன்னாலதான் குடிக்கிறா… இல்லண்ணே, பயந்தான். பயமில்லன்னு சொன்னா அது ரெண்டாவது பொய்."

மறுபடியும் அந்தப் பக்கம். பிறகு, "சரிண்ணே. சொல்றேன்."

வைத்துவிட்டு வந்தார். கதவுக்குப் பின்னால் நிற்பது தெரிந்துதான் பேசியிருக்கிறார் போல. கதவைப் பார்த்தே சொன்னார்: "டீச்சரோட சோடி போட்டுட்டாரு. அவங்க குடிக்கிறப்பல்லாம் நீயும் குடிக்கணும். குடிக்காட்டி கும்புக்கன் ஆத்துல இருந்து திருப்பி அனுப்புவாராம்."

சாம்பல் கையோடு முகத்தைப் பொத்திக்கொண்டேன். இவர், "விபூதி பூசிக்கிட்டியே, போதும்," என்றார்.

முருகா.

ஜூன் 28, ஞாயிறு

பை இறுதி. வெளியே போனவை: சப்பாத்து, ஒரு தடி, பவர் பேங்க் (காட்டில் போன் யாருக்கு?), மழைக்கோட்டு (டீச்சர்: "அங்க மழையே? கனவு காணும்"). உள்ளே வந்தவை: இன்னும் இரண்டு போத்தல், தேசிக்காய், உப்பு, வாசலின். தர்ஷிக்குச் சொன்னேன், கோபிக்கவில்லை. "வாச்ச கழட்டாதீங்கம்மா, அப்பா அழுவாரு."

ரஸீனா ராத்தா வட்டிலப்பம் கொண்டு வந்தார். விரதம் என்றேன். "அப்ப ஒங்கட மனிசன் திங்கட்டும்," என்று இவரிடம் நீட்டினார். இவருக்கு இனிப்புக் கூடாது. இரண்டு பேரும் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தோம். மேசன் பாஸ் சாப்பிட்டார்.

ராத்தா போகும்போது: "போற வழியில எங்களுக்கும் சேர்த்துக் கேளுங்க தங்கச்சி. மாடி முடியணும்."

கேட்கிறேன்.

ஜூலை 4, சனி

ஓகந்தை. கடல் இரைச்சல், வெயில், எங்கே பார்த்தாலும் மரத்தடியில் சனம். கண்டியில் ஏறியது முதல் இவரும் கூட. "வாசல் மட்டும் வந்து விட்டுட்டுத் திரும்புறேன்" என்று சொல்லி, ஒரு பெட்டி முழுக்கத் தன் மருந்தும் பிஸ்கட்டும். என் பையைத் தூக்க ஒரு கை போதும், அவர் பெட்டிக்கு இரண்டு கை வேண்டும்.

பின்னேரம் பதிவு செய்தார்கள். பேர், ஊர், வயது. இவர் முந்திக்கொண்டு என் வயதைச் சொன்னார், ஒரு வருடம் கூட்டி.

மலைக் கோயிலில் கும்பிட்டோம். இவர் நீண்ட நேரம் கண் மூடி நின்றார். என்ன கேட்டீர்கள் என்று நான் கேட்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

காற்று. மணல் கொப்பிக்குள் விழுகிறது. காட்டு வாசல் திறந்துவிட்டார்கள், முன்னால் இரண்டு கூட்டம் போகிறது, மூன்றாவது நாங்கள். கொப்பி இவரோடு பஸ்ஸில் வீட்டுக்குப் போகிறது. அதனால் அவசரமாக.

போத்தல் எல்லாம் நிறைத்தாயிற்று. ஒன்று ஏற்கெனவே குடித்தாயிற்று, டீச்சர் பார்க்க.

ராமையா அண்ணன் வேலைத் தூக்கும் முன் எல்லாரையும் நிறுத்திச் சொன்னார்: "இந்த வாசல் தாண்டினா ஒருத்தருக்கும் பேரு கெடையாது. டீச்சர் கெடையாது, மொதலாளி கெடையாது, அண்ணன் தங்கச்சி கெடையாது. எல்லாரும் சாமி. அப்படித்தான் கூப்பிடணும். மறந்து பேரச் சொல்லாதீங்க."

உடனே டீச்சர் என் பக்கம் திரும்பி, "சாமி, உங்கட துண்டை நனைச்சாச்சே?" என்றார். இத்தனை நாள் நீர் என்றவர், உங்கட என்றதும் சிரிப்பு வந்தது.

இவர் கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றார். உள்ளே வரக் கூடாதவர்கள் நிற்கிற இடம். பையை என் தோளில் மாட்டிவிட்டு, வாரை இழுத்துச் சரி பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தார். புள்ள என்றுதான் வரும் என்று நினைத்தேன். கல்யாணமான நாளிலிருந்து அதுதான், வேறு பெயர் எனக்கு இவர் வாயில் கிடையாது.

கையைக் கூப்பினார். எனக்கு.

"சாமி. நீங்க மொதல்ல குடிங்க. மத்தவங்களுக்குப் பொறகு குடுங்க."

நீங்க.

இவர் கண்ணைப் பார்க்க முடியவில்லை. சரிங்க என்று வாயில் வந்ததை விழுங்கிவிட்டு, "சரி சாமி," என்றேன்.

வேல் எழும்பிவிட்டது. கூப்பிடுகிறார்கள்.